மாற்றாமல் ஓட்டாதே

அலுவலகத்தில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார் என்பது ஒரு காரணம். கொடுக்கும்போது நாலு ஏச்சும் சேர்த்துக் கொடுப்பார் என்பது இன்னொன்று. தேதியைப் பிரிப்பது, கோப்பைப் படிப்பது, மடல் அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் கணினியில் ஓட்டும் மாதிரி நிரல் எழுதி, ஓட்டிப் பார்த்து, ஒரு சொல்லைத் தட்டினால் வந்து நிற்கும்படி ஒரு களஞ்சியம் கட்டியிருந்தார். 'தூக்குறது' என்று தேடினாலும் 'அழிப்பது' வரும். ஜனங்கள் எப்படித் தேடுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அத்தனையும் அவர் மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருந்த பழைய கணினியில் மட்டும் இருந்தது. வேறிடத்தில் நகல் வைத்தால் கண்டவனும் கை வைப்பான் என்பது அவர் கட்சி. எடுப்பவர் தன் விவரத்தைப் போட்டுக்கொள்ள வேண்டுமென்று ஒவ்வொரு மாதிரியின் தலையிலும் ஒரே எச்சரிக்கை: மாற்றாமல் ஓட்டாதே.

எதிர் மேசைப் பெண் ஒருமுறை மாற்றாமல் ஓட்டிவிட்டாள். வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் "அன்புள்ள பெயர்-இங்கே" என்று மடல் போய்ச் சேர்ந்தது.

"காப்பி அடிக்கிறப்போ மூளையையும் கூட்டிட்டு வரணும்மா" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

பிறகொரு நாள் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. பழைய குப்பையை ஒழிக்கத் தன் களஞ்சியத்திலேயே தேடினார். ஒரு கோப்புறையை அடியோடு அழிக்கும் மாதிரி வந்தது. நகலெடுத்தார், ஒட்டினார், ஓட்டினார். தான் எழுதிய எச்சரிக்கையைத் தானே யாராவது படிப்பார்களா? அந்த மாதிரியை எழுதிய அன்று, சோதித்து முடித்த கையோடு, உதாரணம் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஒரு நிஜக் கோப்புறையின் பெயரைப் போட்டு வைத்திருந்தார். களஞ்சியத்தின் பெயரை.

தேடல் பெட்டி மட்டும் பிழைத்திருந்தது. எதைத் தட்டினாலும், "ஒன்றும் இல்லை. ஒழுங்காகத் தேடு" என்றது. அந்த வாசகமும் அவருடையதுதான்.

"உப்பு டப்பாவுக்கே லேபிள் ஒட்டுற மனுஷன், இதுக்கு ஒரு நகல் வைக்கலையா?" என்றாள் மனைவி, அன்றிரவு சாப்பாட்டின்போது. எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் யோசித்தபோது வழி ஒன்று தெரிந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம். கெட்டிக்காரர்கள் அவர் மாதிரிகளை எடுத்து அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டிருந்தார்கள். மாற்றத் தெரியாதவர்களிடம்தான் அவை அச்சுக் குலையாமல் இருக்கும். எதிர் மேசைக்குப் போய் நின்றார். காது மடல் சுட்டது.

"உங்கிட்ட... என்னோட மாதிரி ஏதாச்சும் இருக்குமாம்மா?"

"ஏன் சார், என்னாச்சு?"

சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், மூளையையும் கூட்டிட்டு வந்தீங்களா?" அறையே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

"எல்லாம் இருக்கு சார். நான்தான் எதையும் மாத்துறதில்லையே."

ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தாள். முதலில் வந்தது மடல் மாதிரி. மேலே அவருடைய எச்சரிக்கை, கீழே 'பெயர்-இங்கே'. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், அப்படியே மூடினார்.

"சாப்பிடுங்க சார்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிறைய இருக்கு. வந்து சேர நேரமாகும்."