சின்னவளின் மாத்திரை

அந்தத் தெருவில் யாருக்குப் பேன்ட் நீளமானாலும் ஜாக்கெட் இறுகினாலும் டேப்பக்காவிடம்தான் வருவார்கள். வீட்டின் கீழ்த்தளத்து முன்னறைதான் கடை. கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்குவதால் அந்தப் பெயர். யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். மாடியில் குடியிருக்கும் ஓர்ப்படியை அந்தக் கணக்கில் அவள் சேர்ப்பதில்லை.

கொழுந்தன் மனைவியான சின்னவள், ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் சுவிட்ச்போர்டில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். எந்த டாக்டருக்கு எந்த நம்பர் என்று இன்றைக்குக் கேட்டாலும் ஒப்பிப்பாள். யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பதும் அவளுக்கு அத்துப்படி. "உனக்கு எப்படிம்மா இவ்ளோ ஞாபகம்!" என்று யாராவது வாய் பிளந்தால் போதும், டேப்பக்காவுக்கு வயிறு பற்றிக்கொள்ளும்.

எரிச்சலுக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. மாமியார் கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனார். குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் பாதிக்கு மேல் டேப்பக்காதான். சின்னவள் டியூட்டி முடிந்து வந்து எட்டிப் பார்ப்பாள், அவ்வளவே. ஆனால் கிழவி, "சின்னவ வந்துட்டாளா?" என்று முகம் மலர்வார். டேப்பக்காவைப் பார்த்து, "நீ யாரும்மா, துணி தைக்க வந்தவளா?" என்பார். அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இரண்டு பேருக்கும் ரத்தக்கொதிப்பு இருப்பது ஒரே வருஷத்தில்தான் தெரிந்தது. டாக்டர் இருவருக்கும் தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். சில மாதங்களில் டேப்பக்காவுக்கு அழுத்தம் சரியாகிவிட்டது. மாத்திரையால்தான் சரியானது என்று அவளுக்குத் தோன்றவில்லை. நோய் போய்விட்டது என்று நிறுத்திவிட்டாள். நிறுத்தியதோடு சும்மா இருந்தாளா? "சின்னவ ஆயுசுக்கும் முழுங்கட்டும். என் உடம்பு அப்படிப்பட்ட உடம்பு இல்ல" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள்.

வருஷங்கள் ஓடின. ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடைய பேன்ட்டைக் குட்டையாக்கினாள். ஒரு காலை வெட்டி மடித்துத் தைத்தாள். யாரோ வந்து பேசிவிட்டுப் போனார்கள். திரும்ப உட்கார்ந்து, அதே காலை இன்னொரு முறை வெட்டினாள். வாத்தியார் போட்டுப் பார்த்தபோது ஒரு கால் கணுக்காலிலும் ஒரு கால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயும் நின்றது. மனிதர் சிரித்துவிட்டார். டேப்பக்கா முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு மாமியாரின் முகம் கண்ணை விட்டு அகலவில்லை.

அடுத்த வாரம் சின்னவளுக்குத் துணையாக டாக்டரிடம் போனாள். டாக்டர் சின்னவளின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அழுத்தம் வருஷக்கணக்கா ஏறியே இருந்தா மூளையில இருக்கற சின்னச் சின்ன ரத்தக்குழாய் கெட்டுப்போகும். மாத்திரை போட்டுக் கட்டுப்பாட்டுல வச்சிருக்கறவங்களுக்குப் பிற்காலத்துல மறதி நோய் வர்ற வாய்ப்பு குறையுதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. வரவே வராதுன்னு சொல்ல முடியாது. ஆனா நிறுத்தாதீங்க." பிறகு டேப்பக்கா பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒழுங்கா போடறீங்கல்ல?"

"போடறேன் டாக்டர்" என்றாள் டேப்பக்கா. தெருவெல்லாம் அடித்த தம்பட்டம் சின்னவளுக்கும் தெரியும்தான்; இருந்தாலும் அவள் முன்னால் தப்பை ஒப்புக்கொள்வதா?

ஆக, சின்னவளின் ஞாபகத்துக்கு இதுதான் ரகசியமா! நினைக்க நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுபடி டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்ல வீம்பு விடவில்லை. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் மாடிச் சமையலறையில் இருக்கிறது. காலையில் மோட்டார் போடப் போகிற சாக்கில், சின்னவளின் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவாள். டப்பா காலியாகவேயில்லை. நாலைந்து வாரம் இப்படியே ஓடியது. திருட்டு என்று ஒத்துக்கொள்ள அவள் மனசு இடம் தரவில்லை. சின்னவளிடம் கொட்டிக்கிடப்பதில் கொஞ்சம், அவ்வளவுதான்.

ஒருநாள் காலை டப்பாவைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து மூடியை அழுத்திக்கொண்டது.

"அக்கா, இன்னைக்கு ஏற்கெனவே எடுத்துட்டீங்க."

டேப்பக்கா திரும்பினாள். "நான் எங்கடி எடுத்தேன்? இப்பத்தான் மோட்டார் போட வந்தேன்."

"மோட்டார் அப்பவே போட்டுட்டீங்க. தொட்டி நிரம்பி நான்தான் நிறுத்தினேன்."

மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சற்றுமுன் ஒருமுறை ஏறி வந்தது துளிகூட நினைவில் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து. டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டேன். உங்களுக்கு எழுதினதும் இதேதான், இதே அளவுதான்னார். இல்லேன்னா அன்னைக்கே கையப் புடிச்சிருப்பேன். ரெண்டு பேருக்கும் சேத்துதான் வாங்கி வைக்கறேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. உங்க வீம்பு எனக்குத் தெரியாதா?"

அதுவும் தெரிந்திருக்கிறது இவளுக்கு! டேப்பக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் அத்தை மாதிரி ஆயிடுவேனாடி?"

சின்னவள் ஆறுதல் சொல்லவில்லை. "தெரியல. இன்னைக்கே டாக்டர்கிட்ட போறோம். இடையில நிறுத்தினதை நீங்கதான் சொல்லணும். அத்தையைப் பாத்துக்கிட்டது நீங்க. உங்களைப் பாத்துக்கற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது."

கிழவியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் இவள் மறக்கவில்லை. இத்தனை வருஷம் யாராவது சொல்ல வேண்டும் என்று ஏங்கிய சொல், கடைசியில் இவள் வாயிலிருந்தா வர வேண்டும்? டேப்பக்காவுக்கு அழுகையும் வந்தது, வயிறும் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள். இவளைப் பார்த்து எரிகிற வரைக்கும் இவள் யார் என்பது மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

"நாளைலேருந்து நீயே கீழ வந்து குடு" என்றாள். "நான் முழுங்கற வரைக்கும் நின்னு பாரு."