சோப்பு உறையின் இடது பக்கம்

அந்தக் குடியிருப்பில் நான்கு மாடி, முப்பத்திரண்டு வீடு. மூன்றாவது மாடியில் லிஃப்டை ஒட்டிய வீட்டுக்காரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. சோப்புக்காரி என்றால் வாட்ச்மேன்கூட நேராகக் கொண்டுவந்து விடுவார். அந்தப் பட்டத்தை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்காக இன்னொருத்தியைப் படுத்திய பாடும் கொஞ்சமல்ல. முதலாவதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இரண்டாவதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

தொழில் போனில் பார்த்துக் கற்றது. எண்ணெயைக் காய்ச்சி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் கடைந்து, கழுவிக் காயவைத்த பால் அட்டைப்பெட்டிகளில் நிரப்புவாள். மறுநாள் கெட்டியானதும் மெல்லிய கம்பியால் அறுத்து, படுக்கையறை அலமாரியில் துணிகளுக்கு மேல்தட்டில் அடுக்குவாள். பிறகு நான்கு வாரம் அதைத் தொடக் கூடாது, காரம் அடங்க வேண்டும். செய்வது ஒருநாள் வேலை, காத்திருப்பதுதான் பெரிய வேலை.

விற்பது அதைவிடப் பெரிய வேலை. காசு செலவில்லாமல் என்னென்ன விளம்பரம் உண்டோ அத்தனையும் செய்து பார்த்தாள். லிஃப்டுக்குள் கையால் எழுதி ஒட்டினாள், செக்ரட்டரி கிழித்தார். நிறுத்தியிருந்த கார்களின் வைப்பரில் துண்டுச்சீட்டு செருகினாள். மழை பெய்து எல்லாம் கூழாகி, கார்க்காரர்கள் வீடு தேடி வந்து திட்டினார்கள். ஒரு சோப்பை எட்டாக அறுத்து மாதிரி என்று வீடு வீடாகக் கொடுத்தாள். ஓசி என்றால் எனக்கு ஒன்று, எங்கப்பனுக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி. தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தாள். நாற்பத்தேழு பேர் பார்ப்பார்கள், நாற்பத்தாறு பேர் சொந்தக்காரர்கள். மீதி ஒருத்தர் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்.

அவளுக்கு வாய்த்த ஒரே ஆதரவு நாத்தனார்தான். கணவனின் தங்கை, வயது இருபத்தாறு, அதே வீட்டில் கூடத்தில் படுத்துக்கொள்பவள். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுன்டரில் வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் மாட்டிவிட்டு, கைக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்து, "உங்க முகத்துக்கு இது எடுப்பா இருக்குங்க" என்று சொல்வாள். அவள் சொன்னால் வாங்கிவிடுவார்கள். அந்த வேலையை அவள் உயிராக வைத்திருந்தாள். வீட்டிலோ வாயில்லாப் பூச்சி. அண்ணி நீட்டியதை வாங்கிக்கொள்வாள், ஏன் என்று கேட்க மாட்டாள்.

ஒருநாள் பக்கத்துக் குடியிருப்பில் ஒருநாள் சந்தை வைத்து, வீட்டுத்தொழில் செய்யும் பெண்களுக்கு இலவசமாக மேசை தருவதாக அறிவித்தார்கள். அதற்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. அவசர அவசரமாகச் சோப்புக்காரி ஒரு பெரிய ஈடு சோப்புப் போட்டாள். அன்றைக்குப் பார்த்து எடைத் தராசில் பேட்டரி தீர்ந்திருந்தது. பேட்டரிக்கு ஒரு செலவா என்று டம்ளரால் அளந்தாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை; பன்னிரண்டாம் நாளே ஒரு கட்டியை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"ஒரு வாரம் மூஞ்சிக்குப் போட்டுப் பாரு. வித்தியாசம் தெரிஞ்சா மேசைல சொல்லிக்கலாம்."

வித்தியாசம் காட்ட வேண்டுமே என்று, முதல்நாள் காலையில் சமையலறைச் சுவர் ஓரம் அவளை நிறுத்தி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். மாசுமருவில்லாத முகம், கொஞ்சம் கூச்சச் சிரிப்பு.

இரண்டாம் நாளே, "எரியுது அண்ணி" என்றாள் அவள்.

"எரிஞ்சாத்தான் அழுக்கு போகும். நிறுத்திடாதே."

அவளும் நிறுத்தவில்லை. இந்த இடத்தில் எனக்கு இருவர் மேலும் கோபம் வருகிறது, ஆனால் சமமாக இல்லை. ஏழாம் நாள் இரண்டு கன்னமும் நெற்றியும் சிவந்து தோல் உரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. அதே சுவர் ஓரம் நிறுத்தி இன்னொரு படம் எடுத்து, எதில் தப்பு என்று வாட்ஸ்அப்பில் சோப்பு செய்கிறவர்களின் குழுவில் கேட்டாள் சோப்புக்காரி. காரம் கூடிவிட்டது, உடனே டாக்டரிடம் போங்கள் என்று பதில் வந்தது. டாக்டருக்குப் பதில் மருந்துக்கடைக் களிம்பு வந்தது. மேசைக்கு அவள் போகவே இல்லை. அந்த ஈடு முழுவதையும் குப்பையில் கொட்டினாள். அதற்கு மட்டும் இரண்டு நாள் அழுதாள்.

ரணம் ஆறியது. கறுப்புத் திட்டுகள் தங்கிவிட்டன. கண்ணாடிக்கடை முதலாளி அவளை முதலில் உள்ளறைக்கு மாற்றினார், பிறகு லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"ஒட்டிக்கிற நோயா என்னன்னு எனக்கெப்படித் தெரியும்? உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து என்ன ஆச்சுன்னு சொல்லட்டும். சேத்துக்கறேன்."

நல்ல மனிதர்தான். ஒரு வார்த்தை போதும் என்றார். அந்த வார்த்தையோ சோப்புக்காரியின் வாயிலிருந்து வர வேண்டும்.

"திங்கக்கிழமை வரேன். அதுவரைக்கும் சோப்புன்னு மட்டும் எங்கயும் வாயத் திறந்துடாதே. என் பொழப்புல மண்ணு விழுந்துடும்" என்றாள் அவள். ஐந்து திங்கட்கிழமை போயின. நாத்தனார் ஒவ்வொரு திங்களும் காலையில் குளித்துத் தலைவாரி, வேலைக்குப் போகிற உடுப்பில் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். மதியத்துக்கு மேல் மாற்றிக்கொள்வாள்.

இதற்கிடையில் சோப்புக்காரி புதிய தராசு வாங்கினாள், ஒழுங்காக அளந்தாள், நான்கு வாரம் ஆறவிட்டாள். இந்தமுறை நல்ல சோப்புதான், குறை சொல்ல முடியாது. உறை அச்சடிக்கப் போனபோது அச்சகக்காரர் யோசனை சொன்னார்.

"வெறும் எழுத்து எவன்மா படிப்பான்? ஒரு மூஞ்சி வேணும். மாடல் வெச்சு எடுத்தா நிறைய ஆகும். உங்க வீட்லயே யாராச்சும் இல்லியா?"

அவளுடைய போனில் இரண்டு படம் இருந்தது. ஒரே சுவர், ஒரே வெளிச்சம், ஒரே முகம். அவள் விரல் கொஞ்சநேரம் தயங்கியது என்று எழுதினால் பொய். ஏழாம் நாள் படத்தை இடது பக்கம் வைத்து "முன்பு" என்றும், முதல்நாள் படத்தை வலது பக்கம் வைத்து "பின்பு" என்றும் போடச் சொன்னாள். ஐநூறு அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்றார் அவர். ஐநூறும் அடித்தாயிற்று.

கட்டைப் பிரித்ததும் நாத்தனார் ஓர் உறையை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணி, இது தலைகீழா இருக்கே."

"விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும். வலது பக்கம் எவ்வளவு அழகா இருக்க, பாரு."

கணவன் டிவியிலிருந்து தலையைத் திருப்பி, "தப்பில்லையா இது?" என்றான்.

"உங்க சம்பளத்துல ஒரு மாடலைக் கூட்டிட்டு வாங்க, மாத்திடறேன்."

அவன் மறுபடி டிவியைப் பார்த்தான்.

சோப்பு பறந்தது. நாற்பத்தேழு பேர் நாலாயிரம் ஆனார்கள். படம் கைமாறிக் கைமாறிக் கண்ணாடிக்கடைக்கும் போனது. முதலாளி மிச்சச் சம்பளத்தை ஒரு கவரில் போட்டு, கடைப் பையன் கையில் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சொல்லும் அனுப்பினார்: "முன்னாடியே இந்த நோய் இருந்திருக்கு. மறைச்சு வேலைக்குச் சேந்திருக்கா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் ஒருத்தி, கெட்ட பெயர் இன்னொருத்திக்கு. அதற்கடுத்த திங்கட்கிழமை நாத்தனார் வேலைக்குப் போகிற உடுப்பைப் போடவில்லை. சோப்பை எடுத்து உறை போட உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வாசல் மணி அடித்தால் அறைக்குள் போய்விட வேண்டும். வலது பக்கத்து முகத்தைப் பார்த்து வாங்க வருகிறவர்கள் இடது பக்கத்து முகத்தைப் பார்த்துவிடக் கூடாது அல்லவா? இதைச் சொல்லும்போது சோப்புக்காரியின் குரலில் அன்புகூட இருந்தது. "உனக்கும்தானே சங்கடம்" என்றாள்.

ஒரு மத்தியானம் கதவு தாழிடாமல் இருந்தது. மணி அடிக்காமலே ஒரு அம்மாள் உள்ளே வந்துவிட்டார். நடுக்கூடத்தில் தட்டோடு நின்ற நாத்தனாருக்கு நகர நேரமில்லை. அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார், தட்டிலிருந்த உறையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"இவங்கதானே அது?"

சோப்புக்காரிக்கு நாக்கு உடனே புரண்டுவிட்டது.

"அது இவளோட அக்காங்க. குடும்பத்துலயே இந்தத் தோல். இவ இப்பதான் போட ஆரம்பிச்சிருக்கா."

"அதான் பாத்தேன், அதே ஜாடை!" அந்த அம்மாள் கிட்டே வந்து அவள் தோளைத் தொட்டார். நிஜமான பரிவோடுதான் தொட்டார். உறையை எடுத்து வலது பக்கத்து முகத்தில் விரலை வைத்துக் காட்டினார். "கவலப்படாதம்மா. உங்கக்கா மாதிரியே நீயும் ஆயிடுவ."

நாத்தனார் அந்த விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணியை நேருக்கு நேர் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"எங்கக்காவுக்கு எத்தன நாளாச்சு, அண்ணி? இதுலேர்ந்து இதுக்கு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம்கூட நேரம் இருந்தது.

"ஏழு நாள்" என்றாள் சோப்புக்காரி.

"ஏழே நாளா!" என்றார் அந்த அம்மாள். "அப்ப எனக்கு ஆறு குடுங்க."

நாத்தனார் எண்ணி ஆறு எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.