மாஸ்டர் பாஸான பரீட்சை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் திட்டினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். "கிளட்ச் என்ன, கால் நீட்டி வைக்கிற பலகையா?" என்று கத்திக் கத்தியே இருபத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர்.

அப்படிப்பட்டவருக்கு இடுப்பு வலி வந்தது. கார் சீட்டைக் குறை சொல்லி அதன் மெத்தையை மாற்றினார்; வலி மாறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, புராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார். அடியோடு ஒழிக்க முடியாதாம். ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டால் வருஷக்கணக்கில் கட்டுக்குள் வைக்கலாமாம்.

நோய் அடங்குவதற்கு முன்னால் மாஸ்டர் அடங்கிவிட்டார். ஊசியின் பக்கவிளைவாகத் திடீர் திடீரென்று உடம்பு தகிக்கும். ஏசியை முழுசாகத் திருப்புவார். ஸ்டீயரிங் பிடித்தவர்கள் வெடவெடப்பார்கள். வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி முதல் தடவையாக ஒழுங்காக ரிவர்ஸ் எடுத்தபோது அவருக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. மாஸ்டர் தங்கமான மனுஷன் என்று பேச்சுப் பரவி, கூட்டம் இரண்டு மடங்காயிற்று. அவருக்கோ மானமே போன மாதிரி இருந்தது.

ஆறு மாதத்தில், நோயின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண் எண்பதிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அவருக்குத் தெரிந்த பரீட்சையில் ஒரு தடவை பாஸானால் போதும், அப்புறம் ஒருத்தரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அடுத்த ஊசித் தேதி வந்தது, போனது; அவர் போகவில்லை.

மனைவி பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் பயிற்சிக் காரின் முன்னால் போய் நின்றாள். அந்த வங்கிப் பெண் அழகாகப் பிரேக் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு விடும்மா," என்று பின்சீட்டில் ஏறினாள் மனைவி.

"எதுக்குடி? நான்தான் பாஸாயிட்டேனே!"

"நோய் என்ன, லைசென்ஸா குடுத்துச்சு? ஊசி அடக்கினதாலதான் எண் எறங்கியிருக்கு. விட்டா ஏறிடும்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு பயமா இருக்குங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த பிறகு மாஸ்டர் முனகினார்.

"அந்தச் சூட்டை நீ ஒரு நாள் தாங்கிப் பாரு, தெரியும்."

"தாங்கினேனே. மாதவிடாய் நின்ன சமயத்துல. நான் ஃபேனைப் போட்டா, 'இவளுக்கு எப்பப் பாரு காத்து வேணும்'னு என் தங்கச்சிகிட்ட சொல்லிச் சிரிச்சீங்க."

மாஸ்டருக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தனை நாள் இருந்துச்சு?"

"நாளா? ஏழு வருஷம்."

ஏழு வருஷம். ஒரே வீட்டில் இருந்தும் அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் கூப்பிட்டாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார்.

"எனக்கும் ஏழு வருஷம் இந்தச் சூடு இருக்கட்டும்டி."

"ஏழோட நிறுத்திடாதீங்க," என்றாள் அவள்.