படகுக்குப் பூசும் எண்ணெய்

நீங்கள் வாங்கி வைத்த மீன் எண்ணெய் மாத்திரையை நான் தொடவில்லை என்று உங்களுக்கு வருத்தம், பிள்ளைகளே. காரணத்தை எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் துறைமுகத்தில் வின்ச் ஓட்டினேன். கப்பலின் அடியறையிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. ஒருநாள் என் நெஞ்சு தாளம் தப்பித் துள்ளியது. டாக்டர் சின்ன மாத்திரை ஒன்று கொடுத்து, "மறுபடி வராம இருக்கணும்னா ஒருநாள்கூட விடாதே" என்றார்.

அந்த வாரமே உங்கள் தாய்மாமன் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு பாட்டில் சுறா எண்ணெயோடு வந்தார். ஈரலைக் காய்ச்சி எடுத்து, படகு உளுத்துப்போகாமல் இருக்கப் பூசுவார்களே, அதேதான்.

"வருஷம் பூரா உப்புத் தண்ணில கெடக்குற கட்டையே கெடாம கீது. உன் நெஞ்சு இன்னா, அத்தவிட ஒசத்தியா? மாத்திரையத் தூக்கிக் கடாசு மச்சான்."

படகைத் தொட்டு வளர்ந்த நம் ஜனங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கும்தான். மாத்திரையை நிறுத்தினேன். தினமும் காலையில் ஒரு கரண்டி எண்ணெய்.

"இவன் பக்கத்துல குந்தாத, பூனை தொரத்திகினு வரும்" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள். மூன்று வாரம் நெஞ்சில் அந்தத் துள்ளல் வரவில்லை. எண்ணெயின் மகிமை என்று நானே ஊரெல்லாம் சொன்னேன்.

நாலாவது வாரம், கொக்கியில் மூட்டைகள் தொங்க, கீழே எட்டுப் பேர் நிற்க, அது வந்தது. கண் இருட்டியது. பிரேக்கைப் போட்டுவிட்டுக் கத்தினேன். அவர்கள் விலகி ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை.

"ஆபீஸ்ல சொல்லாத. சொன்னா வின்ச்சுலேர்ந்து எறக்கிடுவானுங்க" என்றார் மேஸ்திரி.

"எறக்கட்டும். கீழ நிக்கிறவன் வூட்லயும் பசங்க கீது" என்றேன். நானே போய்ச் சொன்னேன். இறக்கினார்கள். ஷெட்டில் கிழிந்த சாக்கு தைத்தேன்.

டாக்டரிடமும் மறைக்கவில்லை. "மீன் எண்ணெய் சாப்பாட்டு சாமான்யா. நெஞ்சு தாளம் தப்பாம அது காக்கும்னு எனக்குத் தெரிஞ்சு யாரும் நிரூபிக்கல. அதுவும் படகு எண்ணெயையா குடிச்சே?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் குப்பத்துக்குப் போய், மிச்சத்தை உங்கள் மாமனின் படகிலேயே ஊற்றித் தேய்த்தேன்.

"இன்னா மச்சான், அவமானப்படுத்துறியா?"

"நல்ல எண்ணெய்தான். அதான் படகுக்குக் குடுத்தேன்."

ஒரு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. நான் அன்றிலிருந்து மாத்திரையை ஒருநாளும் விடவில்லை.

உங்கள் பாட்டில் அலமாரியில் இருக்கட்டும். டாக்டர் சொன்னால் விழுங்குகிறேன். மாமன் சொல்லிக் குடித்தது போதும். நீங்கள் சொன்னாலும் மாட்டேன்.