சக்கரம் துடைத்த துணி

மாட்டுங்காவிலிருந்து மாஹிம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பழைய குழந்தை வண்டிகளைத் துடைத்து விற்கும் கடையில் என் வேலை அப்போதுதான் போயிருந்தது.

சாக்கடைச் சேறு ஒட்டிய சக்கரத்தைத் துடைத்த துணியாலேயே இருக்கை பெல்ட்டையும் துடைப்பேன். பவுடர் தூவினால் நாற்றம் தெரியாது. அன்று தாராவியிலிருந்து வந்த பெண் தன் மகளை வண்டியில் உட்காரவைத்து, “பளிச்சுன்னு வச்சிருக்கியளே அண்ணாச்சி” என்றாள். குழந்தை பெல்ட் நுனியைச் சப்பியது.

பெல்ட்டைப் பிடுங்கினேன். “சாக்கடையத் தொடச்ச துணியில தொடச்சதும்மா. புள்ள வாயக் கழுவுங்க.”

“ஒங்க புள்ளைக்கும் இப்படித்தான் தொடைப்பியளா?”

முதலாளி வாசலைக் காட்டினார்.

மறுநாள் காலை மாஹிமில் லாரி கழுவும் வேலையில் சேர்ந்தேன். லாரியை யாரும் வாயில் வைப்பதில்லை. ஆனாலும் இரண்டு துணி கேட்டு வாங்கிக்கொண்டேன்.