ஏரிக்கரை வளைவில் மினுக்கிய மஞ்சள் விளக்கு

முடிச்சூர் கதிரேசன் ஆக்டிங் டிரைவர். ஆக்டிங் என்றதும் சினிமாவில் நடிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். கார் வைத்திருந்தும் ஓட்ட ஆளில்லாதவர்கள் ஒரு நாள், அரை நாள் என்று கூப்பிட்டால் போய் ஓட்டிக் கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. ஆனால் கடைசி எட்டு மாதம் மனுஷன் செய்தது சுத்தமான நடிப்பு. அதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

படப்பை ஏகநாதன் நிலத்தை விற்ற கையோடு ஒரு சொகுசுக் கார் வாங்கினார். ஓட்டுவதற்குக் கதிரேசனையே வாடிக்கையாக வைத்துக்கொண்டார். வண்டியை ஒப்படைக்க வந்த கம்பெனிக்காரர் கதிரேசனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். நாலு சக்கரமும் இழுக்கும். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்குப் போகும் விசையைக் குறைத்து, தரையைப் பிடித்திருக்கும் சக்கரத்துக்குக் கொடுக்கும். வளைவில் வெளிப்பக்கத்துப் பின்சக்கரத்தைக் கூடுதலாகத் தள்ளி, வண்டியின் மூக்கை உள்ளே திருப்பிவிடும்.

"எல்லாம் கண் சிமிட்டுற நேரத்துல நடக்கும். ஆனா இந்த மஞ்சள் விளக்கு மினுக்கினா, வண்டி வழுக்குது, அதுவே சமாளிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். உடனே வேகத்தைக் குறைச்சுடுங்க" என்றார் அவர்.

கதிரேசன் தலையாட்டினார். புரியாமல் ஆட்டவில்லை, நன்றாகப் புரிந்துதான் ஆட்டினார்.

ஏகநாதனின் மகள் தமிழினிக்கு முடிச்சூரில் பாட்டு வகுப்பு. மணிமங்கலம் வழியாகப் போகும்போது ஏரிக்கரை ஓரம் ஒரு முரட்டு வளைவு. மழை பெய்தால் எல்லோரும் அங்கே முப்பதில் ஊர்வார்கள். கதிரேசன் அறுபதில் திருப்பினார். வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போனது.

"இன்னா கை கதிரு உன்து! சொம்புல தண்ணி வச்சாலும் சிந்தாது போலக்கீதே!" என்று சொக்கிப்போனார் ஏகநாதன்.

"பழக்கம்தாண்ணா" என்றார் கதிரேசன். அடடா, அந்தப் பாராட்டு எவ்வளவு இனித்தது! இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவர் கையைப் பார்த்ததில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

இன்னொரு மழை நாளில் ஏகநாதன் முன்னால் எட்டிப் பார்த்தார். "அது இன்னாது, மஞ்சளா மினுக்கினு கீது?"

"அதுவாண்ணா? வண்டி ஜோரா போவுதுன்னு காட்டுது."

கூசாமல் சொன்னார். பின் இருக்கையில் தமிழினி கைதட்டினாள். ஏகநாதன் போகிற கல்யாணத்திலெல்லாம் கதிரேசனின் கையைப் பற்றியே பேசினார்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கஸ்தூரிரங்கன் கூப்பிட்டார். சேலையூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பதினாலு வருஷமாக ஒரு சின்னக் காரைத் தானே ஓட்டியவர். கண் ஆபரேஷன் ஆனதால் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி லோகநாயகியோடு படப்பையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டும்.

காலையிலிருந்தே தூறல். மணிமங்கலம் தாண்டியதும் அதே வளைவு வந்தது. "இங்க கொஞ்சம் மெதுவா..." என்று கஸ்தூரிரங்கன் ஆரம்பித்தார்.

"நான் பார்க்காத வளைவா சார்?" என்று கதிரேசன் அறுபதிலேயே திருப்பினார்.

ஸ்டீயரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. மூக்கு நேராகவே போயிற்று. இந்தச் சின்னக் காரில் மூக்கைத் திருப்பிவிடும் பின்சக்கரம் இல்லை, சமாளிக்க யாரும் இல்லை, அவருடைய கை மட்டும்தான் இருந்தது. அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கார் மைல்கல்லில் இடித்து நின்றது. லோகநாயகியின் மணிக்கட்டு முறிந்தது.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்வரை கதிரேசன் வெளியே நின்றார், பிறகு தயங்கியபடி உள்ளே போனார். கஸ்தூரிரங்கன் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவரோ மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து, "என்னை மன்னிச்சுக்கோ லோகா. நான்தான் டயர் மாத்தியிருக்கணும். கதிரேசனாலேயே முடியலன்னா வேற யாரால முடியும்?" என்றார்.

கதிரேசனுக்கு உடம்பெல்லாம் கூசியது. செய்தி கேட்டு ஓடிவந்த ஏகநாதன் வேறு, "டப்பா வண்டி சார் அது! நம்ம கதிரு கை தங்கம். என் வண்டியில இட்டுனு போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்று கதிரேசன் முதுகில் தட்டினார்.

கஸ்தூரிரங்கன் தலைகுனிந்தார். அதற்கு மேல் கதிரேசனால் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டால் பேர் பிழைக்கும், அது அவருக்குத் தெரியும். சீ, அதுவும் ஒரு பேரா!

"டயர் நல்லாத்தான் இருந்துச்சு சார். வண்டி மேல குத்தமில்ல. நான்தான் வேகமா திருப்பினேன்." பிறகு ஏகநாதன் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னார். "அந்த மஞ்ச லைட்டு ஜோரா போவுதுன்னு காட்டலண்ணா. வழுக்குதுன்னு காட்டுச்சு. உங்க வண்டிதான் ஒவ்வொரு வாட்டியும் காப்பாத்திச்சு. என் கை இல்ல."

ஏகநாதனின் கை அவர் முதுகிலிருந்து இறங்கியது. கத்துவார் என்று எதிர்பார்த்தார் கதிரேசன். ஏகநாதன் கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"தமிழினி பின்னாடி குந்திகினு இருக்கசொல்ல எத்தினி வாட்டி மினுக்கிச்சு கதிரு?"

கதிரேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மழை பேஞ்ச நாளெல்லாம்ண்ணா."