அம்புக்குறி காட்டிய கதவு

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் துண்டு. தேற்றாத்தீவைத் தாண்டிப் போகும் பேருந்திலிருந்து பார்த்தால் தென்னைகளுக்கிடையே ஒரு புறம் கடலின் வெளிச்சமும் மறுபுறம் வாவியின் வெளிச்சமும் தெரியும். அந்தத் துண்டில் மேடு என்று சொல்ல இருப்பது கண்ணகை அம்மன் கோயில் வளவு மட்டும். சுனாமி அன்று தண்ணீர் ஏறாத இடமும் அதுதான். ஆகவே பின்னர் வந்த அதிகாரிகள் கடற்கரை வீதியில் நீலப் பலகை ஒன்றை நட்டு, அதில் ஓடும் மனிதனையும் ஓர் அம்புக்குறியையும் வரைந்து, அம்பைக் கோயிலை நோக்கித் திருப்பிவிட்டுப் போனார்கள்.

எங்கள் கோயில் வைகாசிச் சடங்குக்கு மட்டுமே திறக்கும். சடங்கு முடிந்து கதவு சாத்தினால் அடுத்த வைகாசிவரை அந்த வளவுக்குள் யாரும் கால் வைப்பதில்லை. ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. அதிகாரிகளுக்குத் தெரியாது, அவர்கள் கேட்கவும் இல்லை. அவர்கள் கூட்டிய கூட்டத்தில் இருந்த எங்கள் பெரியவர்களோ தெரிந்தும் சொல்லவில்லை. இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. தலையாட்டினார்கள், தேநீர் குடித்தார்கள், வந்த உதவிப் பணத்தில் வளவைச் சுற்றி ஆளுயர மதிலும் இரும்புக் கதவும் கட்டிக்கொண்டார்கள். முன்பு அங்கே இருந்தது கம்பி வேலி. சுனாமி அன்று சனம் அதைப் பிய்த்துக்கொண்டுதான் உள்ளே போய்ப் பிழைத்தது.

அந்தக் கதவின் சாவியை நாங்கள் திறப்பு என்போம்; அது கோயில் நிர்வாகத்துக்குப் பொறுப்பான வண்ணக்கரின் இடுப்பில் இருக்கும். அந்த வண்ணக்கர் என் அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா. அம்மாவுக்கு ஒரு தங்கையும் உண்டு. சின்னம்மாவின் கைக்குழந்தையைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நான் நான்காம் வகுப்பில் படித்த ஆண்டு, சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள்களே இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் சின்னம்மா முற்றத்தில் பலகாரத்துக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தார், அம்மா இடித்த மாவை அரிதட்டில் அரித்துக்கொண்டிருந்தார். நான் மாவைக் கள்ளமாக அள்ளித் தின்றுகொண்டிருந்தேன். அப்போது குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக ஏதோ ஓடியது. கூரையில் தொங்கிய விளக்கு, காற்றில்லாமலே ஆடியது.

“வெயிலுக்குத் தலை சுத்துதுகா,” என்று அம்மா அரிதட்டைக் கீழே வைத்தார்.

சின்னம்மா உலக்கையை நிறுத்திவிட்டு விளக்கையே பார்த்தார். “தலை சுத்துறது உனக்கில்ல அக்கா, நிலத்துக்கு.”

சிறிது நேரத்தில் வானொலி சொன்னது: சுமாத்திராப் பக்கம் கடலடியில் பெரிய நிலநடுக்கம், கரையோரச் சனம் மேட்டுக்குப் போகவேண்டும். எச்சரிக்கைக் கோபுரமும் அலறத் தொடங்கியது. ஊர் முழுவதும் அம்புக்குறியின் வழியே ஓடியது. சின்னம்மா ஒரு கையில் என்னைப் பிடித்திருந்தார். மற்றக் கையில் உலக்கை இருந்தது. அதைக் கீழே போட அவருக்குத் தோன்றவில்லை.

இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் பெரிய மாமா நின்றார்.

“உலக்கையக் காட்டிக் கடல வெருட்டப் போறியாகா?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். அந்த நெருக்கடியிலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சின்னம்மா சிரிக்கவில்லை. “கதவத் திறங்க அண்ணன்.”

“வைகாசிக்கு முன்னம் திறந்தா அம்மாள்ற கோவம் ஊரையே அழிச்சிரும். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க.”

“பள்ளிக்கூடம் பள்ளத்தில கிடக்கு. போன முறை கூரை மட்டும்தான் தெரிஞ்சது.”

“அப்ப பூசை செய்யிற கட்டாடியார் வரட்டும். அவரிட்ட ஒரு வார்த்தை கேப்பம்.”

“அவர் இப்ப வாவிக்கு அங்கால நிப்பார். அவருக்கிட்ட மோட்டார் சைக்கிள் இரிக்கி.”

மாமா திறப்பை மடிக்குள் இன்னும் இறுக்கிச் செருகினார். சின்னம்மா என் கையை விட்டார். உலக்கையின் பூண் போட்ட முனையைத் திருப்பி, மா இடித்த அதே நிதானத்தோடு பூட்டின்மேல் இடித்தார். பூட்டு உடையவில்லை, அது மாட்டியிருந்த கொண்டிதான் பெயர்ந்து விழுந்தது. சனம் உள்ளே பாய்ந்தது. பின்னாலேயே மாமாவும் வந்தார். மண்டபப் படியில், எல்லோரையும்விட உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கடல் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். சின்னம்மாவின் ஆபத்து அதன் பிறகுதான் தொடங்கியது. கடல் வந்திருந்தால் ஊரைக் காத்தவள் என்றிருப்பார்கள். வராதபடியால் ‘வராத கடலுக்குக் கதவ உடைச்சவள்’ ஆனார். கோயில் கூட்டம் கூடியது. அன்று உள்ளே நின்று நிம்மதி மூச்சு விட்டவர்கள்தாம் அங்கும் இருந்தார்கள். அந்த வைகாசியில் சின்னம்மா பொங்கற்பானை கொண்டுவரக் கூடாது, வளவுக்குள்ளும் வரக் கூடாது என்று தீர்ப்பானது. பலகையை வாவிக்கு அப்பாலுள்ள மேட்டுக்குத் திருப்புவதைப் பற்றியோ, கதவுக்கு இன்னொரு திறப்புச் செய்து கடற்கரை வீட்டார் ஒருவரிடம் கொடுப்பதைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை. முன்னதைவிடப் பெரிய பூட்டு ஒன்றை வாங்கினார்கள்.

வளர்ந்த பிறகு நான் இதைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். கடலடியில் எந்த நடுக்கம் அலையைக் கிளப்பும், எது கிளப்பாது என்பது நடுங்கிய கணத்தில் எவருக்கும் தெரியாது. தெரியவரும்வரை மேட்டில் நிற்பது ஒன்றே வழி. அவ்வளவு தொலைவில் பூமி அசைந்தால், அலை எங்கள் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகும். தூரம் எங்களுக்குத் தந்த பிச்சை அது. பூமியையும் கடலையும் தடுக்க ஒருவராலும் இயலாது. ஆனால் அந்தப் பூட்டு மனிதர் வாங்கிப் போட்டது. நீதி கேட்டு வாசலில் நின்ற பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடும் ஊர், தன் வாசலில் நின்ற இன்னொருத்தியைத் தண்டித்தது. இதை எந்த நிலநடுக்கத்தின் கணக்கில் எழுதுவது?

அந்த வைகாசிச் சடங்கு மாலையில் ஊரே மதிலுக்குள் நெருக்கியடித்து நின்றது. பறை முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போக வர ஒரே ஒரு கதவுதான். நான் புதுச் சட்டையோடு அம்மாவின் பானைக்கு அருகே இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது சின்னம்மா கதவுக்கு வெளியே தனியாக வந்து நின்றார். இடுப்பில், பிள்ளையைத் தூக்குவதுபோல, ஒரு பெரிய கருங்கல்லைத் தூக்கிவந்திருந்தார். மாடு கன்று நுழையாமலிருக்க யாரோ கதவைச் சாத்த வந்தபோது, கல்லைக் கதவின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இறக்கி வைத்தார். வந்தவர் கதவைச் சாத்த முடியாமல் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார்.

கால் வலிக்கும் என்றுதான் கல்லைக் கொண்டுவந்தார், பாவம், வெளியே உட்காரட்டும் என்று நான் நினைத்தேன். பொங்கல் பொங்கி, கூட்டம் கலையும்வரை அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். சின்னம்மா ஒருமுறையும் அந்தக் கல்லில் உட்காரவில்லை. கோயிலுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மாளோடு கோபம் போலும் என்று எண்ணிக்கொண்டு, நான் என் பங்குப் பொங்கலைத் தின்னத் தொடங்கினேன்.